பின்பக்கம் இல்லாத தலை

அருவருப்புக்கென்று ஒரு பட்டம் கொடுப்பதாக இருந்தால் திருத்தணியில் அது சந்திரமௌலிக்குத்தான் போயிருக்கும். போட்டிக்குக்கூட ஆள் இருந்திருக்காது. எச்சில் டம்ளர், ஈரத் துண்டு, பிசுபிசுக்கிற பஸ் கம்பி, அடுத்தவர் உட்கார்ந்து எழுந்த சூடு ஆறாத நாற்காலி, சாப்பிட்டுவிட்டு விரலைச் சப்புகிற மனிதர்கள், எல்லாமே அவனுக்கு வயிற்றைப் புரட்டும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளில் வெயில் ஏற ஏற, வியர்வையும் சந்தனமும் கலந்து கழுத்தில் வழிவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து, ஊரில் வேறு வீடே இல்லாதது போல, மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்தில் பிறக்கவைத்தது யார் செய்த வேடிக்கையோ தெரியாது.

பதினெட்டு வயதில் அப்பா ஷண்முகசுந்தரத்துக்குப் பின்னால் மடைப்பள்ளிக்குள் நுழைந்தவன் அவன். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. சமைக்கிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். சுவாமிக்குப் படைக்கும்முன் ருசி பார்க்கக்கூடாது, மோந்தும் பார்க்கக்கூடாது. உப்பு சரியா, பாகு பதமா என்பதெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். மற்றவர்களுக்கு அது கட்டுப்பாடு, சந்திரமௌலிக்கு அதுதான் அங்கே கிடைத்த ஒரே ஆறுதல். மற்றதெல்லாம் நரகம். சர்க்கரைப் பொங்கல் கிளறும்போது முழங்கை வரைக்கும் நெய். வெல்லம் நூல் நூலாகக் கையில் ஒட்டும். கழுவினால் போகாது, தேய்த்தால் இன்னும் பரவும். அப்பா அடுப்பைப் பார்த்து நிற்பார், இவன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியும் நெய்யும் எடுத்துக் கொடுப்பான். பதினாலு வருஷம் அப்படியே ஓடியது.

2008 தை மாதம் ஒருநாள், அரக்கோணம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவன் கண்ணில் ஒரு சுவரொட்டி பட்டது. ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஒட்டியது. 'கையில் மண் படாமல் சிற்பம் செய்யலாம். ஆறு மாதப் பயிற்சி.' சந்திரமௌலி அதைப் படித்துவிட்டு நகரவில்லை. சிற்பத்தின் மேல் அவனுக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. அவனைப் பிடித்து நிறுத்தியது அந்த முதல் மூன்று சொற்கள்தான். கையில் எதுவும் படாமல் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே அவனுக்குச் செய்தி.

வீட்டில் சொன்னபோது மனைவி பத்மஜா சிரித்தாள். "ஏன்னா, மண்ணையே தொடமாட்டேள். அதை வெச்சுச் சிற்பமா?"

"தொடவே வேண்டாமாம். அதனாலதான் போறேன்."

அப்பா சிரிக்கவில்லை. "ஆடிக் கிருத்திகை வரைக்கும் கூலிக்கு ஒரு ஆளை வெச்சு நான் தள்ளிடறேன். அதுக்குள்ள வேலை கிடைச்சா போ. கிடைக்கலைன்னா எனக்கப்புறம் இந்தக் கரண்டி உன்னுதுதான். அப்பறம் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். சந்திரமௌலி தலையாட்டினான். ஆடிக் கிருத்திகைக்கு ஆறு மாதம் இருந்தது.

சென்டர் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று எல்லோரையும் செருப்பு, ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். தூசு ஆகாது, சரி. காலுறை நாற்றம் மட்டும் ஆகுமா? ஜன்னலை அடைத்து ஏசி போட்ட அறையில் பதினைந்து பேரின் சாக்ஸ் நாற்றம் சுற்றிச் சுற்றி வந்தது. கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே மிக்சர் துகள். மவுஸைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. சிற்பம் செய்வதற்கென்று ஒரு பலகையும் அதன்மேல் வரைகிற பேனாவும் இருந்தன. அந்தப் பேனாவின் பின்முனையை யாரோ கடித்துக் கடித்து நார் நாராக ஆக்கியிருந்தார்கள். சந்திரமௌலி அதைப் பார்த்தான். எழுந்து போய் வாசலில் நின்று இரண்டு முறை எச்சில் விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தான். மறுநாளிலிருந்து மடைப்பள்ளியில் வாயைக் கட்டுகிற துணியில் ஒரு துண்டு கிழித்து எடுத்துவந்து பேனாவில் சுற்றிக்கொண்டான்.

சொல்லிக்கொடுத்தவள் சுதா. திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகைக்காரி, விவசாயக் குடும்பத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். சாணி அள்ளிவிட்டுக் கை கழுவி பஸ் ஏறி வந்து பாடம் நடத்துகிறவள். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்ன நாளிலிருந்து சந்திரமௌலி அவள் கொடுத்த எதையும் கைநீட்டி வாங்கவில்லை, மேஜைமேல் வைக்கச் சொன்னான். அவளோ, இவன் கோயில் ஆள் என்று தெரிந்ததும் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் பாடம் ஓர் உருண்டை. திரையின் நடுவில் ஓர் உருண்டை வந்து நின்றது. பேனாவை அதன்மேல் இழுத்தால் இழுத்த இடம் மேடாகும். ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் குழியாகும். ஷிப்ட்டை அழுத்தினால் மேடும் குழியும் வழவழவென்று சமமாகும். ஒரு பக்கம் செய்வது தானாகவே மறுபக்கமும் விழும்படி வைத்துக்கொள்ளலாம், அதனால் ஒரு காது செய்தால் இரண்டு காது. இவ்வளவுதான் அடிப்படை. கேட்கச் சுலபம். ஆனால் அந்த உருண்டையின் நிறம் இருக்கிறதே, செக்கச்செவேல் என்று, ஈரமாகப் பளபளத்துக்கொண்டு, அப்போதுதான் அறுத்து வைத்த இறைச்சி மாதிரி இருந்தது. சந்திரமௌலி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னா சாமி, ஒடம்பு சரியில்லயா?" என்றாள் சுதா.

"இந்தக் கலரு..."

அவள் புரிந்துகொண்டாள். அதற்காகச் சிரிக்காதது அவளுடைய நல்ல குணம். ஒரு பட்டனைத் தட்டி விபூதி நிறத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். "இது ஓகேவா? இப்ப ஒட்டாது, நாறாது. ஆரம்பிங்க."

ஆரம்பித்தான். எல்லோரும் செய்கிற தப்பையெல்லாம் வரிசையாகச் செய்தான். கடைசியில் நுணுக்க வேலைக்காகச் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்து, உருவம் வருவதற்கு முன்பே உருண்டையின் பரப்பைப் பொடிப்பொடிச் சதுரங்களாகப் பிரித்துவிட்டு, அதன்மேல் மூக்கு எடுக்கப் பார்த்தான். பாகில் கட்டி விழுந்த பொங்கல் மாதிரி முகமெல்லாம் முட்டு முட்டாக வந்தது. தடவினால் ஒரு கட்டி போய் இன்னொரு கட்டி எழும்பியது. அது முகமே இல்லை, ஒரு வியாதி. கையில் படாமல் இருந்தால் அருவருப்பு இருக்காது என்று நினைத்தவன் எத்தனை பெரிய முட்டாள் என்று இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. கண்ணுக்கும் அருவருப்பு உண்டு. கண்ணைக் கழுவ முடியாது என்பதுதான் இதில் வித்தியாசம்.

ஆனால் அவன் விடவில்லை. விட்டால் கரண்டி. அது ஒன்றே போதுமாயிருந்தது. கொஞ்சங்கொஞ்சமாகக் கை வந்தது. தொடாமல், மோந்து பார்க்காமல், பார்வையை மட்டும் வைத்து வேலை செய்வது மற்ற மாணவர்களுக்குப் புதுசு. இவனுக்கு அது பழகிப்போன சங்கதி. இரண்டாவது மாத முடிவில் முருகன் முகம் ஒன்று செய்தான். அகன்ற நெற்றி, மூடியும் மூடாததுமான கண், உதட்டோரத்தில் சிரிப்பு. இருபது நாள் வேலை. பார்த்த பையன்கள் எல்லாம் எழுந்துவந்து நின்றார்கள். சந்திரமௌலிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் செய்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

சுதா வந்து பார்த்தாள். "சூப்பர் சாமி. எங்க, சுத்திக் காட்டுங்க."

"எதைச் சுத்தறது?"

"தலையத்தான். நாலு பக்கமும் பாக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு அவளே பேனாவை எடுத்துத் திருப்பினாள்.

முகம் பக்கவாட்டில் திரும்பியது. பக்கத்திலிருந்து பார்த்தால் அது அப்பளம். மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு, கண்கள் இரண்டும் ஒரே தட்டில் ஒட்டிய மாதிரி. இன்னும் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றுமே இல்லை. இருபது நாளும் முன்பக்கத்திலிருந்து இழுத்த இழுப்பில் பின்பக்கம் சுருங்கி மடிந்து, அழுகிய பூசணிக்காயின் காம்பு போல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தெய்வத்தின் முகத்துக்குப் பின்னால் அதைப் பார்த்தபோது சந்திரமௌலிக்கு நெஞ்சு வரைக்கும் புளித்துக்கொண்டு வந்தது.

"இருவது நாளா ஒரு தபா கூட சுத்திப் பாக்கலயா?" சுதாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "கோயில்ல சாமியச் சுத்தி வரீங்க இல்ல?"

"சுவரைத்தான் சுத்தி வரோம். சாமியை முன்னாடி நின்னுதான் பார்க்க முடியும். பின்பக்கம் எப்படியிருக்கும்னு யாருக்கும் தெரியாது."

"அத வுடுங்க. மனுசங்களுக்குப் பின்பக்கம் இருக்கே. அவங்களப் பாத்துக் கத்துக்குங்க."

அப்படித்தான், உலகத்தில் வேறு எதைப் பார்க்கச் சொன்னாலும் பார்த்திருப்பான், பிடரிகளைப் பார்க்கச் சொன்னாள். சந்திரமௌலி பார்த்தான். அரக்கோணம் ரயிலில் முன்னால் நிற்கிறவர்களின் கழுத்தைப் பார்த்தான். பவுடரும் அழுக்கும் சேர்ந்து மடிப்பு மடிப்பாகத் திரண்ட கழுத்துகள், வேர்க்குரு, கட்டி, எண்ணெய் வழிந்து கறுத்த காலர். மலைப் படிக்கட்டில் மொட்டைகளுக்குப் பின்னாலேயே ஏறினான். சவரக்கத்தி கீறிய இடத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்டையின் வளைவை மட்டும் மனதில் வாங்கினான். எலும்பு எங்கே முட்டுகிறது, கழுத்து எங்கே உள்ளே போகிறது, காதுக்குப் பின்னால் குழி எவ்வளவு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு முறை குளித்தான். பத்மஜா கேட்டபோது, "நூறு கழுத்தைப் பார்த்துட்டு வந்தேன்" என்றான்.

பார்த்தும் பயனில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த நூறு கழுத்தும் ஒன்றாகக் குழம்பி அருவருப்பாக மட்டும் மிஞ்சியது. ஆனி மாதம் பிறந்துவிட்டது. ஒருநாள் வெறுத்துப்போய், எதையும் நினைக்காமல் ஒரு கிழவர் தலையைப் பின்பக்கத்திலிருந்தே ஆரம்பித்தான். பேனா தானாகப் போனது. சின்னக் குடுமி, அதற்குக் கீழே சதை இரண்டு மடிப்பு, வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், அதற்குக் கொஞ்சம் கீழே கொய்யா இலை அளவுக்கு ஒரு தழும்பு. எல்லாம் அளந்து வைத்ததுபோல் வந்து உட்கார்ந்தன. அதன் பிறகு முன்பக்கம் போனான். ரயில் டிக்கெட் பரிசோதகர், பூக்கடைக்காரர் என்று நாலைந்து பேரிடமிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து ஒரு பொது முகம் வைத்தான்.

சுதா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மூஞ்சி சுமார்தான் சாமி. பின்னாடி இருக்குது பாருங்க, அதுல ஒரு ஆளு உசுரோட கீறாரு. யாரு இவரு?"

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்தத் தழும்பு கொதிக்கிற நெய் தெறித்தது. தெறித்த அன்றைக்கு அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பதினாலு வருஷம் அடுப்பங்கரையில் அவன் பார்த்துக்கொண்டு நின்றது அந்தப் பிடரியைத்தான். முகத்தைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மடைப்பள்ளியில் அதில் எப்போதும் துணி கட்டியிருக்கும், வீட்டில் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. "எங்கப்பா" என்றான். சொன்னபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தத் தலையைத்தான் சுதா தனக்குத் தெரிந்த ஒரு சென்னைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தாள். வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு உருவங்கள் செய்து கொடுக்கிற இடம். ஆடிக் கிருத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது வரச் சொன்னார்கள். சந்திரமௌலி இஸ்திரி போட்ட சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலின் அழுக்கெல்லாம் பழைய சட்டையில் படட்டும் என்று போய், ஸ்டேஷனில் மாற்றிக்கொண்டு போனான்.

அங்கே இவன் தலையைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் குமரேசன். ஆள் எடுப்பது அவர் பொறுப்பு. டீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டே தலையைச் சுழற்றிப் பார்த்தார். அந்த உறிஞ்சல் சத்தத்தில் சந்திரமௌலிக்கு உடம்பு கூசியது.

"பின்பக்கம் பிரமாதம் சார். நிறைய பேர் மூஞ்சியோட நிறுத்திடுவாங்க, நீங்க இங்க வேலை காமிச்சிருக்கீங்க" என்றார். "இப்ப சின்ன டெஸ்ட். இதே தலையை எடுத்துக்கோங்க. செத்து பத்து நாள் ஆன மாதிரி பண்ணுங்க. அழுகிப்போன பொணம். சதை தொங்கணும், ஓட்டை இருக்கணும், புழு இருந்தாலும் ஓகே. பாக்கறவனுக்குக் குமட்டணும். மூணு மணி நேரம். வந்துச்சுன்னா வேலை உங்களுக்குத்தான்."

சந்திரமௌலி உட்கார்ந்தான். இந்த ஊருக்குள்ளேயே அந்த வேலைக்கு அவனைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஒரு பொருள் எந்த இடத்தில் எவ்வளவு கசிந்தால் மனிதனுக்குக் குமட்டும் என்பது அவனுக்கு முப்பத்திரண்டு வருஷப் படிப்பு. முன்பக்கம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கன்னத்தைக் குழித்துப் பல்லை வெளியே காட்டினான். உதட்டை வெல்லப்பாகு மாதிரி நூல் நூலாக இழுத்துத் தொங்கவிட்டான். கண்ணுக்குக் கீழே தோலைக் காய்ந்த சந்தனம் மாதிரி வெடிக்கவைத்தான். செய்யச் செய்ய அவனுக்கே வாயில் நீர் ஊறியது, குமட்டலுக்கு முன்னால் ஊறுமே அந்த நீர். கை மட்டும் நிற்கவில்லை.

பிறகு தலையைத் திருப்பினான்.

குடுமி. இரண்டு மடிப்பு. மச்சம். தழும்பு. ஆல்ட் பட்டனை அழுத்திப் பேனாவைத் தழும்பின்மேல் வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. இங்கே குழி பறிக்க வேண்டும். புழுவை இங்கேதான் விட வேண்டும். அது வெறும் படம், தொட்டால் கண்ணாடி, அப்பா இப்போது மலைமேல் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. அவன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. வெல்லம் ஒட்டியதற்கும் நெய் வழிந்ததற்கும் முகம் சுளித்தவன், இங்கே சுத்தமான கையோடு என்ன செய்ய உட்கார்ந்திருக்கிறான். எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்தால் ஆறே நாளில் கரண்டி. நாற்காலியை மறுபடி இழுத்துக்கொண்டான்.

ஷிப்ட்டை அழுத்தித் தடவ ஆரம்பித்தான். மச்சம் போனது. தழும்பு போனது. குடுமி போனது. மடிப்பும் போனது. வழவழவென்று யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முட்டை மிஞ்சியது. அதன்மேல் புழுவை விட்டான். பொம்மைமேல் சேமியா கொட்டியது போலிருந்தது. பார்த்தால் சிரிப்புதான் வரும், குமட்டாது. அழுகுவதற்கு முதலில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம்தான் பாக்கி.

வேறு யாருடைய பிடரியும் அவன் நினைவுக்கு வரவில்லை. இடது கையைத் தூக்கித் தன் பிடரியிலேயே வைத்தான். ரயில் வியர்வை காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அழுத்தி எலும்பைத் தேடினான், குழியை அளந்தான், வலது கையால் அதையே திரையில் எடுத்தான். விரல் கீழே இறங்கியபோது சதை இரண்டு மடிப்பாகத் தட்டுப்பட்டது. அப்பாவுக்கு இருக்கிற அதே இரண்டு மடிப்பு. தழும்பும் மச்சமும் மட்டும்தான் இல்லை. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு அந்த மடிப்புகளைத் திரையில் வைத்தான். வைத்துவிட்டு, ஆல்ட்டை அழுத்தி, மேல் மடிப்பிலிருந்து பறிக்கத் தொடங்கினான்.

குமரேசன் டீயோடுதான் வந்தார். தலையை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் வந்ததும் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு அதைத் தள்ளி வைத்தார். "யப்பா" என்றார். "என்ன சார், கோயில்ல சமைக்கிறவர்னு சொன்னாங்க. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஊர்லதான்" என்றான் சந்திரமௌலி.

"திங்கக்கிழமை சேந்துடுங்க. இந்த மாதிரி இன்னும் நாப்பது தலை வேணும்."

வெயில் இறங்குகிற நேரத்துக்குத் திருத்தணி வந்து சேர்ந்தான். அப்பா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கிவந்து, வாசல் குழாயில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு இவன் பக்கம் இருந்தது. சந்திரமௌலி தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிடைச்சுதா?" என்றார் அவர் திரும்பாமலே.

"கிடைச்சுதுப்பா. திங்கக்கிழமை வரச் சொல்லிருக்கா."

அவர் குழாயை மூடினார். "கையில ஒட்டாத வேலைதானே? அதானே உனக்கு வேணும்."

"ஆமாம்ப்பா. கையில ஒண்ணும் ஒட்டாது."

அவன் கிணற்றடிக்குப் போய்க் குளித்தான். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் மறுபடி எழுந்துபோய்ப் பிடரியில் சோப்புப் போட்டுக் கழுவினான். பத்மஜா தட்டு வைத்தபோதும் இடது கை பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னன்னா, அங்கேயே தேய்ச்சுண்டிருக்கேள்? ஏதாவது கடிச்சுதா?"

"ஏதாவது இருக்கா பாரு."

அவள் குனிந்து, சட்டைக் காலரை இழுத்துப் பார்த்தாள். மடிப்பை விரலால் விலக்கியும் பார்த்தாள். "சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்லை" என்றாள்.

அவன் தட்டை நகர்த்திவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனான்.